குற்றவாளியா, சுற்றவாளியா?

நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவர் நெஞ்சில் ஒரு நடுக்கம் உண்டாகின்றது. கொலை, களவு, காணி வழக்கு ஆகியவற்றோடு மட்டுமே அச்சொல்லைச் சேர்த்துப் பழகியவர்கள் நாம். வீட்டின் முன்னறையில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்காக ஒருவர் நீதவானுக்கு விடை கூற வேண்டி வரும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர் இக்காரணத்துக்காகவே குற்றஞ்சாட்டப்படுகின்றனர். நமது வாசகர் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கின்றனர். மேற்படிப்புக்காக அங்கு செல்லும் மாணவரும் பலர். ஆகவே இவ்வாரம் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முன்னாளில் இலங்கையிலும் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டு தோறும் அனுமதிப் பத்திரம் பெறும் வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். இவ்வழக்கத்தின் வேர் பிரித்தானியாவில் உள்ளது. அங்கே 1922 ஆம் ஆண்டில் வானொலி கேட்போருக்கு 10 ஷிலிங் கட்டணம் விதிக்கப்பட்டது. 1946 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போருக்குப் பின் தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியபொழுது, 2 பவுண் கட்டணத்தில் தொலைக்காட்சி அனுமதிப் பத்திரம் பிறந்தது. 1971 இல் வானொலிப் பத்திரம் ஒழிந்தது. தொலைக்காட்சிப் பத்திரம் நிலைத்தது. அதன் கட்டணம் 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில் 174 பவுண் 50 பென்ஸ் ஆயிற்று. முன்னர்த் தபாற் பகுதியினரிடம் இருந்த இப்பணியை 1991 ஆம் ஆண்டிலிருந்து பி.பி.சி. நிறுவனமே பொறுப்பேற்று நடத்துகின்றது. 2003 ஆம் ஆண்டுத் தொடர்பாடற் சட்டத்தின் 363 ஆம் பிரிவு, பத்திரமின்றித் தொலைக்காட்சியைப் பயன்படுத்துவதைக் குற்றமென வகுத்துள்ளது. இதற்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டப்பணம் 1,000 பவுண். சிறைத் தண்டனை இக்குற்றத்துக்கு இல்லை. ஆனால் விதித்த தண்டத்தை வேண்டுமென்றே செலுத்தாது விடுவோர் சிறை செல்லவும் நேரலாம்.

பத்திரம் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை முதலில் தெளிதல் வேண்டும். எந்தத் தேசத்தின் எந்த அலைவரிசையாயினும், அது ஒளிபரப்பாகும் அதே வேளையில் பார்ப்பதற்கும் பதிவு செய்வதற்கும் பத்திரம் வேண்டும். பி.பி.சி.யின் ஐபிளேயர் சேவையில் எதைப் பார்ப்பதற்கும் 2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து பத்திரம் வேண்டும். வேறு இணையச் சேவைகளில் ஏற்கனவே ஒளிபரப்பான படங்களை விரும்பிய வேளையில் பார்ப்பதற்கு மட்டும் அது தேவையில்லை. "நாங்கள் பி.பி.சி.யைத் திரும்பியும் பார்ப்பதில்லை, செய்மதி வழியாக வரும் தமிழ் நாடகங்களைத்தானே பார்க்கின்றோம்" என்று நம்மவர் கூறுவதுண்டு. அந்நாடகத்தை அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் பத்திரம் வேண்டும். மொழியைச் சட்டம் கேட்பதில்லை.

மாணவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெற்றோர் அந்நாட்டிலேயே வேறொரு நகரில் பத்திரத்துடன் வாழ்ந்தால், படிப்பிடத்தில் தங்கியிருக்கும் மாணவன் தன் பற்றறியில் மாத்திரம் இயங்கும் மடிக்கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பார்ப்பதைப் பெற்றோரின் பத்திரமே காக்கும். அதே கருவியைச் சுவரிலுள்ள மின்னிணைப்பிற் செருகிக்கொண்டு பார்த்தால் அக்காப்பு நீங்கிவிடும்! யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ பெற்றோரை விட்டுவந்த மாணவனுக்கு இச்சலுகை எவ்வகையிலும் இல்லை. முதியோர் விஷயத்திலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 75 வயது கடந்த அனைவருக்கும் பத்திரம் இலவசமாக இருந்த காலம் 2020 ஆம் ஆண்டு ஜூலையோடு முடிந்தது. அதன்பின் ஓய்வூதிய உதவித்தொகை பெறும் வீட்டாருக்கே அச்சலுகை உரியதாயிற்று. பழைய நினைவிலேயே இருந்துவிட்ட பாட்டனார் பலர் இம்மாறுதலை அறியாமலே குற்றத்துக்குள் வந்துவிட்டனர்.

இனி வாசற் கதவு தட்டப்படும் வேளைக்கு வருவோம். பி.பி.சி.யின் சார்பில் வரும் விசாரணை உத்தியோகத்தர் பொலிஸார் அல்லர். நீதவான் வழங்கிய சோதனை ஆணையின்றி அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது. அவரை உள்ளே விடும் கடமையும் வீட்டாருக்கில்லை. அவர் கேள்வி கேட்குமுன், எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்ற எச்சரிக்கையைக் கூறுதல் வேண்டும். பின்னர் விடைகளைத் தாளில் எழுதி ஒப்பம் கேட்பார். அத்தாளே பெரும்பாலான வழக்குகளில் முதுகெலும்பான சாட்சியாகின்றது.

இவ்வகை வழக்குகளிற் குற்றவாளிகளாகக் காணப்படுவோரிற் பத்துக்கு ஏழு பேருக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பது பல ஆண்டுகளாக வெளிவந்துள்ள உண்மை. பெண்கள் கூடுதலாகச் சட்டத்தை மீறுகின்றார்கள் என்பது இதன் பொருளன்று. பகற்பொழுதில் வீட்டிலிருந்து கதவைத் திறப்பவர்கள் அவர்களே. கணவன் வேலைக்குப் போயிருக்கின்றான், பத்திரத்தை அவன் வாங்கியிருப்பான் என்று மனைவி எண்ணியிருக்கின்றாள், வந்தவர் கேட்கும்பொழுது "ஆம், பார்ப்பதுண்டு" என்கின்றாள், ஒப்பமும் இடுகின்றாள். வழக்கு அவள் பெயருக்கே வருகின்றது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென ஊரிலிருந்து சென்ற தாயார் ஆங்கிலம் சரிவர விளங்காமல் தலையசைத்துக் கையெழுத்திட்டுவிடவும் கூடும். இல்லத்தில் எல்லாருக்கும் பொதுவாயிருந்த தவறு கதவைத் திறந்தவர் தலையில் மட்டும் விழுகின்றதென்பதை ஆண்மக்கள் சிந்திப்பார்களாக.

முதன்முறை அகப்பட்டவர் உடனே பத்திரத்தை வாங்கிவிட்டால், வழக்குத் தொடராது விடுவதே பெரும்பாலும் வழக்கம். அவ்வாறு செய்யாதவிடத்துத் தபாலில் ஓர் அறிவித்தல் வருகின்றது. 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட "தனி நீதவான் நடைமுறை" என்பதன் கீழ் வரும் கடிதம் அது. இம்முறையில் வழக்கைப் பகிரங்க மன்றிலே விசாரிப்பதில்லை. ஒரு நீதவான், ஒரு சட்ட ஆலோசகரின் துணையோடு, தாள்களை மாத்திரம் படித்துத் தீர்ப்புச் சொல்லுகின்றார். கடிதத்தைப் பெற்றவருக்கு 21 நாள் தவணை உண்டு. அதற்குள் அவர் மூன்றில் ஒரு விடை அளிக்கலாம்: குற்றவாளி என ஒப்புக்கொண்டு, தாள் மூலமே முடித்துவிடும்படி கேட்கலாம், குற்றவாளி என ஒப்புக்கொண்டு, மன்றுக்கு நேரில் வந்து தம் நிலையைச் சொல்ல விரும்பலாம், அல்லது தாம் சுற்றவாளி என்று கூறி விசாரணை கோரலாம்.

நாலாவது வழி ஒன்றையே பலர் தெரிவு செய்கின்றனர். அது மௌனம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? கடிதத்தைக் கண்டவுடன் அஞ்சி, அதை அலுமாரியின் அடித்தட்டிலே வைத்துவிட்டு, கணவனுக்கோ மகனுக்கோ சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். 21 நாள் கழிந்ததும் நீதவான், முறைப்பாட்டாளரின் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவை போதுமெனக் கண்டாற் குற்றம் நிரூபணமாயிற்று என்று எழுதிவிடுகின்றார். கோவலனை அழைத்து வினவாது கொல்வித்த பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரத்தில் நாம் படித்திருக்கின்றோம். அங்கே கேளாதது அரசன் பிழை. இங்கே அரசு கேட்கின்றது; விடை கூறாதது நம் பிழையாகிவிடுகின்றது. ஆதலால் எந்த விடையாயினும் ஆகுக, விடை அனுப்புதல் முதற் கடமை.

எந்த விடையை அனுப்புவது? இங்கேதான் படித்தவரும் தடுமாறுகின்றனர். தடுமாற்றத்துக்குக் காரணம், செயலையும் அச்செயலின் காரணத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவதே. "நான் பார்த்தேனா?" என்பது ஒரு கேள்வி, "நான் ஏன் பத்திரம் வாங்கவில்லை?" என்பது வேறொரு கேள்வி. குற்றவாளியா சுற்றவாளியா என்று மன்று கேட்கும்பொழுது முதற் கேள்வியையே கேட்கின்றது. இரண்டாவது கேள்விக்குரிய விடை தண்டத்தைக் குறைக்க உதவும். குற்றத்தை இல்லையாக்க உதவாது.

வறுமை, மறதி, வங்கித் தவணை தவறியமை, கணவன் கட்டியிருப்பார் என்ற நம்பிக்கை, நோய், துக்க வீடு, தமிழ் அலைவரிசை மட்டுமே பார்த்தமை ஆகிய யாவும் காரணங்கள். இவை உண்மையாயிருப்பினும், பத்திரமின்றிப் பார்த்தவர் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியே. ஆனால் கீழ் வருவன உண்மையில் சுற்றவாளி என்று கூறுதற்குரியவை: பெட்டி இருந்தும் அதில் ஒளிபரப்பை உடனுக்குடன் பார்க்கவோ பதிவு செய்யவோ இல்லை, ஐபிளேயரையும் தொடவில்லை, அன்றைய தினம் அவ்விலாசத்துக்குக் கணவன் பெயரிலோ மகன் பெயரிலோ செல்லுபடியாகும் பத்திரம் இருந்தது, மாணவனின் கருவியைப் பெற்றோரின் பத்திரம் காத்தது, குறிக்கப்பட்ட நாளில் அவர் அவ்வீட்டிற் குடியிருக்கவேயில்லை. பத்திரம் ஆளுக்கன்றி இடத்துக்கு வழங்கப்படுவதென்பதை நினைவிற் கொண்டால் இவற்றுட் சில தெளிவாகும். எனினும் பெட்டி என்னுடையது, பார்த்தவர் வேறொருவர் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. தன் வசமுள்ள பெட்டியைப் பிறர் பத்திரமின்றிப் பயன்படுத்துவர் என்று அறிந்திருப்பதையும் அச்சட்டம் குற்றமாக்கியுள்ளது.

கதவடியில் எழுதப்பட்ட தாளிலே பிழை இருந்தால் என் செய்வது? தாம் சொல்லாததை எழுதியிருந்தாலும், மொழி விளங்காமல் ஒப்பமிட்டிருந்தாலும், உண்மையில் பார்க்காதவர் சுற்றவாளி என்றே கூறுதல் வேண்டும். விசாரணையில் அவ்வுத்தியோகத்தரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆங்கிலம் போதாதவர்களுக்கு மன்று மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்யும். அத்தேவையை விடைத்தாளிலே குறித்தல் வேண்டும். ஒப்பம் ஒரு வலிய சாட்சி. ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது.

இனிக் கணக்கையும் பார்ப்போம். இக்குற்றத்துக்கான தண்டம் வாரந்தோறும் வரும் வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. குறுகிய காலத் தவறாயின் அரை வார வருமானமும், நீண்டகாலமாக வேண்டுமென்றே தவிர்த்ததாயின் ஒரு வார வருமானமும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுவதுண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த காலமா, உடனே பத்திரம் வாங்கப்பட்டதா, கட்டணம் செலுத்தும் தொலைக்காட்சிச் சேவை வேறு இருந்ததா என்பனவெல்லாம் கவனிக்கப்படும். தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டத்தில் மூன்றிலொரு பங்கு குறையும். வாரம் 300 பவுண் பெறும் ஒருவருக்கு ஒரு வார வருமானம் தண்டமாயின், ஒப்புக்கொண்டவருக்கு அது 200 பவுண் ஆகும். குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர் நலனுக்கென 2022 ஆம் ஆண்டு ஜூனிலிருந்து தண்டத்தில் 40 வீதம் மேலதிகமாக அறவிடப்படுகின்றது. ஆகவே அவர் 280 பவுணும் வழக்குச் செலவும் செலுத்துவார். மௌனமாயிருந்தவரோ 420 பவுணும் செலவும் செலுத்துவார். அன்றியும், வருமான விபரத்தை அனுப்பாதவருக்கு மன்று தானாகவே ஒரு வருமானத்தை அனுமானித்துக்கொள்ளும். அது ஏழையின் மெய்யான வருமானத்திலும் பன்மடங்கு மிகுந்திருக்கக் கூடும்.

இக்கணக்கே சிலரைப் பிழையான வழிக்கும் இழுக்கின்றது. "பார்க்கவில்லைதான், ஆனால் மன்றுக்கு அலைவதிலும் ஒப்புக்கொண்டு இருநூறைக் கட்டிவிடலாமே" என்று எண்ணுவோர் உளர். நாம் இதனை ஏற்கமாட்டோம். செய்யாததைச் செய்ததாகக் கூறி ஒப்பமிடுவது பணிவுமன்று, விவேகமுமன்று. வேறு சிலரோ பார்த்தது உண்மையாயிருக்க, சாட்சி சொல்ல உத்தியோகத்தர் வரமாட்டார் என்ற நப்பாசையிற் சுற்றவாளி என்று எழுதுகின்றனர். அவர் வந்துவிட்டாற் குறைப்பும் போயிற்று, செலவும் ஏறிற்று. பிள்ளைகள் முன்னிலையிற் சொன்ன பொய்யும் மிஞ்சிற்று. அச்சமும் ஆசையும் இரண்டுமே இங்கு தீய ஆலோசகர்கள். நடந்தது எதுவோ அதுவே விடையாதல் வேண்டும்.

இன்னுமொரு கலப்பு விடை உண்டு. படிவத்திற் குற்றவாளி என்று அடையாளமிட்டுவிட்டு, பக்கத்துத் தாளில் "ஆனால் நாங்கள் அப்பெட்டியில் எதையும் பார்ப்பதில்லை" என்று எழுதுதல். இதனைக் காணும் நீதவான் அவ்வொப்புதலை ஏற்கலாகாது என்பதே நெறி. ஆயினும் குவிந்த தாள்களிடையே எல்லாம் கவனிக்கப்படும் என்று நம்பியிருக்கலாமா? அடையாளமும் கடிதமும் ஒரே கதையைச் சொல்லுதல் வேண்டும்.

ஒப்புக்கொள்பவர் காரணத்தை எழுதும்பொழுது, சுருக்கமாயும் திகதிகளோடும் எழுதுக. எப்பொழுது தவணை தவறிற்று, வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, பத்திரம் எப்பொழுது வாங்கப்பட்டது என்பனவற்றைச் சொல்லி, அவற்றுக்குரிய தாள்களின் பிரதிகளையும் சேர்த்து அனுப்புக. தண்டத்தைத் தவணையாகச் செலுத்தவும் கேட்கலாம். இந்நடைமுறையில் மன்றுக்கு எழுதிய காரணம், வழக்குத் தொடுத்தவர் கண்ணிற் படாமலே தீர்ப்பாகிவிடும் குறை இருந்துவந்தது. 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதவான்கள் சங்கமே இக்குறையைச் சுட்டி, சீர்திருத்தம் வேண்டுமெனக் கோரியது. ஆகவே கடும் நோயோ பெருந்துயரோ காரணமாயின், வழக்குத் தொடுத்தவருக்கும் தனியாக எழுதி, வழக்கைக் கைவிடும்படி கேட்பது நன்று. சட்டம் படித்தவரின் துணை வேண்டுவோர், சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச ஆலோசனை நிலையங்களை நாடலாம். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறென்பதையும் குறித்துக்கொள்க.

வீடு மாறியமையாற் கடிதமே கிடைக்காமல், தண்டம் கோரும் தாளைக் கண்டபின்னர்தான் வழக்கு நடந்ததை அறிந்தவர்களும் உளர். இவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. வழக்கை அறிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், தாம் அதை அறிந்திருக்கவில்லை என்று சத்தியக் கூற்றுச் செய்தால், பழைய தீர்ப்பு நீங்கி வழக்குப் புதிதாகத் தொடங்கும். சத்தியக் கூற்றிற் பொய் சொல்வது தனிக் குற்றம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இது பொலிஸ் பதிவேட்டில் ஏற்றப்படும் வகைக் குற்றமன்று. ஆதலால், வாழ்வே பாழாயிற்று என்று கலங்குதல் வேண்டா. எனினும் அந்நாட்டுக் குடியுரிமை கோரும் விண்ணப்பம், மன்று விதித்த தண்டங்களைப் பற்றியும் கேட்கின்றது. அங்கே தண்டம் கட்டியதைவிட, அதை மறைத்ததே பெருங்கேடாய் முடியக் கூடும். தீர்ப்புத் தாளைப் பத்திரமாக வைத்திருத்தல் நன்று.

ஒரு பெட்டியைப் பார்த்ததற்காக ஏழைத் தாயொருத்தியைக் குற்றவாளி என்று அழைப்பது நியாயமா என்ற கேள்வி அந்நாட்டிலேயே எழுந்துள்ளது. 2015 இல் டேவிட் பெரி என்ற சட்ட அறிஞர் இதனை ஆராய்ந்து, குற்றவியல் முறையே தொடரலாம் என்றார். 2020 இல் அரசாங்கம் மறுபடியும் மக்கள் கருத்தைக் கேட்டு, 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் மாற்றமின்றி விட்டது. சட்டம் மாறவேண்டும் என்று கருதுவோர் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம்; அது குடிமக்களின் உரிமை. ஆனால் சட்டம் தவறென்பது, நான் செய்யவில்லை என்பதற்கு ஈடாகாது.

இலண்டனிலுள்ள பிள்ளைகளோடு இவ்வாரம் தொலைபேசியில் உரையாடும் பெற்றோர், "தம்பி, வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறதா? யார் பெயரில் இருக்கிறது? தவணை ஒழுங்காகப் போகிறதா?" என்று கேட்டு வைப்பது நன்று. கடிதம் ஏற்கனவே வந்துவிட்ட வீடாயின், அதை ஒளித்து வைத்தவரைக் கடிந்துகொள்ளாமல், எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்ந்து அதனை முழுவதும் வாசிக்க வேண்டும். அன்றைக்கு அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதை முதலில் ஒருவருக்கொருவர் உண்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் உண்மை பேசப்பட்டுவிட்டால், படிவத்தில் எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். பின்னர் 21 நாள் முடியுமுன் அதைத் தபாலில் சேர்த்துவிடுக.